'டி.பி.பி. ஏ.எஃப்.கே.' ஆவணப்படம்: பைரேட் பே யாருடையது?

#1 நடுநிசி

சைமன் குளோஸ் இயக்கிய 'டி.பி.பி. ஏ.எஃப்.கே.' ('தி பைரேட் பே: அவே ஃப்ரம் கீபோர்ட்') ஆவணப்படத்தை நேற்றிரவு மூன்றாம் முறையாகப் பார்த்தேன். 82 நிமிடங்கள் ஓடும் இப்படம் 2013 பிப்ரவரி 8 அன்று பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதே நாளில் யூடியூபிலும், படம் எதைப் பற்றியதோ அந்த பைரேட் பே என்ற, படங்களையும் பாடல்களையும் அனுமதியின்றிப் பகிர வழிகாட்டும் ஸ்வீடன் தளத்திலும், எவரும் காசு கொடுக்காமல் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. முதல் முறை பார்த்தபோது நான் கல்லூரி மாணவன். தளத்தின் பின்னணியில் இருந்த பீட்டர் சுண்டே, காட்ஃப்ரிட் ஸ்வார்ட்ஹோம், ஃபிரெட்ரிக் நெய் ஆகிய மூவரும் ஹாலிவுட்டை எதிர்த்து நின்ற வீரர்களாகத் தெரிந்தார்கள். இப்போது அப்படித் தெரியவில்லை, குற்றவாளிகளாகவும் தெரியவில்லை. ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

அந்தக் கேள்வி எளியது: இந்தத் தளம் யாருடையது? 2009 பிப்ரவரி 16 அன்று ஸ்டாக்ஹோம் மாவட்ட நீதிமன்றத்தில் அவர்கள் மீது தொடங்கிய பதிப்புரிமை வழக்கு விசாரணையில் இது பல வடிவங்களில் எழுகிறது. தளத்தின் சார்பில் பேசுபவன் மட்டுமே நான் என்கிறார் ஒருவர். இயந்திரங்களைக் கவனித்துக்கொள்பவன் என்கிறார் இன்னொருவர். நிரல் எழுதியதாகச் சொல்கிறார் மற்றவர். முதலாளி என்று எவரும் இல்லை. பாடலுக்கும் படத்துக்கும் எவரும் உரிமை கொண்டாடக்கூடாது என்று வாதிட்ட கூட்டத்திலிருந்து வந்தவர்கள், தாங்கள் கட்டிய தளத்துக்கும் உரிமை கொண்டாடவில்லை. இது கொள்கை வழுவாமையா, அல்லது வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்த பாடமா என்பதைப் படம் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானிக்காமல் விட்டதுதான் அதன் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பர்கள் கருத்து என்ன?

#2 வழக்காடி

நல்ல கேள்வி, ஆனால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அதற்கு எடை இல்லை. குற்றச்சாட்டு உடந்தையாக இருந்தது பற்றியது. பிறர் செய்யும் பதிப்புரிமை மீறலுக்கு வழிவகை செய்து கொடுத்தார்களா என்பதே நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி. தளம் யார் பெயரில் இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. விசாரணையின் இரண்டாம் நாளிலேயே அரசு வழக்கறிஞர் ஹோகன் ரூஸ்வால், நகலெடுப்பதற்கு உடந்தை என்ற பகுதியைக் கைவிட்டு, பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்ததற்கு உடந்தை என்ற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். அன்று இணையத்தில் பலர் வெற்றி முழக்கமிட்டனர். பாதி வழக்கு உதிர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில், நிரூபிக்கக் கடினமான பாதிதான் உதிர்ந்தது.

லட்சக்கணக்கான கோப்புகள் பட்டியலிடப்பட்டிருந்த தளத்தின் மீதான வழக்கு வெறும் 33 கோப்புகளைப் பற்றியது: இசை 20, திரைப்படம் 9, விளையாட்டு 4. இவற்றுக்காகப் பதிப்புரிமை நிறுவனங்கள் கேட்ட இழப்பீடு ஏறத்தாழ 117 மில்லியன் குரோனர் (ஸ்வீடன் நாணயம்). 2009 ஏப்ரல் 17 அன்று மாவட்ட நீதிமன்றம் மூவருக்கும், நான்காவது எதிரியான கார்ல் லுண்ட்ஸ்ட்ரோமுக்கும் தலா ஓராண்டு சிறையும், கூட்டாக 30 மில்லியன் குரோனர் இழப்பீடும் விதித்தது. நால்வரும் ஒரே குழுவாக இயங்கினார்கள் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

ஆனால் 2010 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியே எடை போட்டது. நெய்க்குப் பத்து மாதம், சுண்டேவுக்கு எட்டு, லுண்ட்ஸ்ட்ரோமுக்கு நான்கு. உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி ஸ்வார்ட்ஹோம் வரவில்லை. அவருக்கு முதல் தீர்ப்பே நிலைத்தது. இழப்பீடு மட்டும் 46 மில்லியனாக ஏறியது. ஆகவே, யாருடையது என்ற கேள்விக்கு இல்லாவிட்டாலும், யார் என்ன செய்தார் என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது. உங்களுக்குப் பிடித்த அந்த மௌனம் அவர்களுக்கு மாதக் கணக்கில் பயன் தந்தது என்றும் சொல்லலாம்.

#3 மடைமாற்றி

நான் வலையமைப்புத் துறையில் பணிசெய்பவன். முதலாளி இல்லை என்ற பேச்சு வெறும் தற்காப்பு அல்ல. அந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பே அதுதான். 2001இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டொரண்ட் முறையில் கோப்பு ஓரிடத்தில் இருப்பதில்லை. அதைத் துண்டு துண்டாக வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்கிறார்கள். யாரிடம் எது இருக்கிறது என்று வழிகாட்டுவதுதான் டிராக்கரின் வேலை. பைரேட் பே வைத்திருந்தது அந்த வழிகாட்டியையும் ஒரு பட்டியலையுமே. 2009 நவம்பரில் டிராக்கரையும் நிறுத்திவிட்டார்கள். 2012இல் டொரண்ட் கோப்புகளையும் (துண்டுகளைச் சேர்க்க உதவும் சிறு குறிப்புக் கோப்புகள்) எடுத்துவிட்டு, கோப்பின் அடையாளக் குறியை மட்டும் தாங்கும் மேக்னட் இணைப்புகளுக்கு மாறினார்கள். அதன்பின் மொத்தப் பட்டியலும் ஒரு சிறிய பென் டிரைவில் அடங்கிவிடும் நிலை வந்தது. பென் டிரைவில் அடங்கும் ஒரு பட்டியலுக்கு முதலாளி யார் என்று கேட்டால் என்ன சொல்வது?

2006 மே 31 அன்று நடந்த சோதனையையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஏறத்தாழ 65 காவலர்கள் ஸ்டாக்ஹோமில் சர்வர்களை அள்ளிச் சென்றனர். நெய்யும் ஸ்வார்ட்ஹோமும் நடத்திய பி.ஆர்.கியூ. என்ற சர்வர் வாடகை நிறுவனத்தில் இடம் பெற்றிருந்த, இவ்விவகாரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிறருடைய தளங்களும் சேர்ந்து முடங்கின. மூன்றே நாளில் பைரேட் பே திரும்பி வந்தது. கொள்ளையர் கப்பல் ஹாலிவுட் பெயர்ப்பலகை மீது பீரங்கி சுடுவதுபோல் முகப்புப் படத்தையும் மாற்றியிருந்தார்கள். அந்தக் குறும்பை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சோதனைதான் வழக்குக்குச் சான்றுகளைத் தந்தது என்பதும் உண்மை.

#4 படத்தொகுப்பறை

நண்பர் மடைமாற்றி சிரிக்கிறார். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் படத்தொகுப்பு உதவியாளனாகப் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவன். நாங்கள் எட்டு மாதம் உழைத்த ஒரு சிறிய படம், வெளியான வெள்ளிக்கிழமை மாலையே இணையத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை திரையரங்குகள் அதைத் தூக்கிவிட்டன. படம் ஓடாததற்கு அதுவே முழுக் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன், படமும் சுமார்தான். ஆனால் கடைசித் தவணைச் சம்பளம் எங்களுக்கு வரவில்லை, அதைக் கேட்கப் போனபோது தயாரிப்பாளர் கைப்பேசியை எடுத்து அந்த டொரண்ட் பக்கத்தைத்தான் காட்டினார்.

இந்த ஆவணப்படத்தின் மீது எனக்குள்ள குறை இதுதான். 82 நிமிடங்களில் ஒரு பாடலாசிரியரோ, ஒரு ஒலிப்பதிவாளரோ, ஒரு சிறு தயாரிப்பாளரோ உட்கார்ந்து தன் பக்கத்தைச் சொல்லும் இடம் என் நினைவில் தங்கவில்லை. எதிர்த்தரப்பு என்றால் கோட்டு அணிந்த வழக்கறிஞர்கள்தான். ஹாலிவுட் நிறுவனங்களுக்காக வாதாடிய மோனிக் வாட்ஸ்டெட்டை ஒரு பக்கமும், கலைந்த தலையுடன் காரில் வரும் மூன்று இளைஞர்களை மறுபக்கமும் வைத்தால், பார்ப்பவரின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று இயக்குநருக்குத் தெரியாதா? நானும் வெட்டி ஒட்டும் தொழிலில் இருப்பவன். எந்த முகத்துக்குப் பின் எந்த முகத்தை வைப்பது என்பதே பாதித் தீர்ப்பு.

சொல்லைப் பற்றியும் ஒன்று. 'திருட்டு விசிடி' என்று நம் ஊரில் பெயர் வைத்தபோதே நாம் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டோம். ஸ்வீடனில் எதிர்மாறாக நடந்தது. அங்கே பதிப்புரிமை நிறுவனங்கள் 'கொள்ளை எதிர்ப்புப் பணியகம்' என்று பொருள்படும் அமைப்பை வைத்திருந்தன. அதைக் கேலி செய்தே 2003இல் 'கொள்ளைப் பணியகம்' என்று பொருள்படும் பிராட்பிரோன் குழு தோன்றியது. பைரேட் பே அந்தக் குழுவின் பிள்ளை. வசவுச் சொல்லையே கொடியாக ஏற்றிக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், அதில் எங்கள் சம்பளம் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

#5 தாமரைக்குளம்

சம்பளம், பணம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். இந்த வழக்கில் பணம் வைத்திருந்தவர் ஒருவர் உண்டு; படம் அவரைச் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறது. கார்ல் லுண்ட்ஸ்ட்ரோம், வாசா என்ற மொறுமொறு ரொட்டி நிறுவனத்தின் செல்வத்துக்கு வாரிசு. அவருடைய தொலைத்தொடர்பு நிறுவனம் பைரேட் பேக்கு இணைய வசதி கொடுத்தது. தீவிர வலதுசாரிக் கட்சிகளுக்கு நிதி அளித்தவர். தளத்தை ஆதரித்த இளைஞர்களில் பெரும்பாலோர் இடதுசாரிச் சாய்வு உடையவர்கள், சுண்டேவும் அப்படியே. இந்தக் கூட்டு எப்படி அமைந்தது என்ற கேள்வி ஒரு தனி ஆவணப்படத்துக்கே தகும். லுண்ட்ஸ்ட்ரோம் 2025 மார்ச்சில் ஸ்லோவேனியாவில் தம் சிறு விமானம் விழுந்து இறந்தார். இனி அவரிடம் கேட்கவும் வழியில்லை.

திரு. நடுநிசியின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி ஒன்று இருக்கிறது. எங்களில் முதலாளி இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, தண்டனையும் பெற்று, இரண்டரை மாதம் கழித்து, 2009 ஜூன் 30 அன்று, தளத்தை 60 மில்லியன் குரோனருக்கு விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வாங்க முன்வந்தது குளோபல் கேமிங் ஃபேக்டரி என்ற ஸ்வீடன் நிறுவனம். தளத்தின் உரிமை செஷல்ஸ் தீவுகளில் பதிவான ரெசர்வெல்லா என்ற நிறுவனத்திடம் இருப்பதாகச் சொல்லப்பட்டது. வாங்குபவரிடம் பணம் இல்லாததால் பேரம் முறிந்தது என்பது வேறு. யாருக்கும் சொந்தமில்லாத பொருளுக்கு விலை எப்படி வந்தது? ஊர்ப் பொதுக் குளம் என்று சொல்லி மீன் பிடித்தவர்கள், ஒருநாள் குளத்துக்கே பட்டா காட்டியது போல் இருந்தது.

#6 நடுநிசி

தாமரைக்குளம் சொன்ன விற்பனைச் செய்தி என் முதல் பதிவிலேயே இருந்திருக்க வேண்டும். விற்றுக் கிடைப்பதை இணையச் சுதந்திரத்துக்கான அறக்கட்டளைக்கு அளிப்போம் என்று அப்போது சொன்னார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் குளத்து உவமையை மறுக்க எனக்குத் தெரியவில்லை.

படத்தொகுப்பறை அவர்களின் குறையில் பாதியை ஏற்கிறேன். மறுபாதிக்குப் பதில் சொல்கிறேன். ஸ்வீடன் நீதிமன்றத்துக்குள் படம் பிடிக்க அனுமதி கிடையாது. ஒலிப்பதிவுக்கு அனுமதி உண்டு, விசாரணையின் ஒலி நேரலையாகவே ஒலிபரப்பானது. எனவே இயக்குநருக்கு நீதிமன்றத்தின் குரல் கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. முகங்களுக்காக அவர் வெளியே காத்திருந்தார்: கார், விடுதி அறை, சர்வர் இருக்கும் நிலவறை, நடைபாதை. வெளியே நின்றவர்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் படத்தின் சாய்வு அமைந்தது. இதை வஞ்சனை என்று சொல்ல மாட்டேன். வசதி என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

படத்தின் பெயரும் அந்த ஒலியிலிருந்தே பிறந்தது. 'நிஜ வாழ்க்கையில்' எப்போது முதலில் சந்தித்தீர்கள் என்று கேட்டபோது, அந்தத் தொடரை நாங்கள் பயன்படுத்துவதில்லை, 'விசைப்பலகையை விட்டு விலகி' (ஏ.எஃப்.கே.) என்பதே எங்கள் பேச்சு வழக்கு, இணையமும் நிஜம்தான் என்று சுண்டே விளக்கினார். நீதிமன்றத்தில் சிரிப்பொலி. ஆனால் அடுத்த 40 நிமிடங்களில் படம் காட்டுவது வேறு. ஒருவர் லாவோசுக்குக் குடிபோகிறார், ஒருவர் கம்போடியாவில் தனிமையில் இருக்கிறார், ஒருவர் மேடைகளில் பேசுகிறார். மூவரும் நெருங்கிய நண்பர்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். விசைப்பலகையை விட்டு விலகினால் அவர்களுக்குள் பேச அதிகம் இல்லை. தீர்ப்பு நாளன்று சுண்டே, இழப்பீட்டுக்குப் பதிலாக, ஒரு தாளில் கையால் எழுதிய கடன் சீட்டைக் காமெராவுக்கு முன் பிடித்துக் காட்டுகிறார். அந்த நகைச்சுவை அவருடையது மட்டுமே. மற்ற இருவர் முகத்தில் அது ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்த மற்றொரு செய்தி, ஆதரவுச் சாட்சியாக வந்த பேராசிரியர் ரோஜர் வாலிஸ் பற்றியது. செலவுத்தொகை வேண்டுமா என்று நீதிமன்றம் கேட்டபோது, வேண்டாம், என் மனைவிக்குப் பூ அனுப்பினால் போதும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த இணையவாசிகள் பல நாடுகளிலிருந்து அவர் வீட்டுக்குப் பூக்களை அனுப்பிக் குவித்துவிட்டனர். முதலாளி இல்லாமல் ஒரு கூட்டம் எப்படி இயங்கும் என்பதற்கு இதைவிட இனிய சான்று வேண்டியதில்லை.

#7 கீற்று

நம் ஊருக்கும் இத்தளத்துக்கும் நேரடித் தொடர்புள்ள ஒரு நிகழ்வை எவரும் குறிப்பிடவில்லை. 2012இல் சென்னையைச் சேர்ந்த காப்பிரைட் லேப்ஸ் நிறுவனம், '3' என்ற தமிழ்ப்படத்துக்காகவும் ஒரு தெலுங்குப் படத்துக்காகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிரிகளுக்கு எதிரான ஆணை பெற்றது. ஜான் டோ ஆணை என்பார்கள். இங்கே அசோக்குமார் ஆணை என்றும் சொல்வதுண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு இணையச் சேவை நிறுவனங்கள் மே மாதத்தில் பைரேட் பேயோடு விமியோ என்ற காணொளித் தளம் உள்ளிட்ட சட்டப்படியான தளங்களையும் மொத்தமாக முடக்கின. ஜூன் மாதத்தில் நீதிமன்றம், குறிப்பிட்ட படம் இருக்கும் முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது.

மடைமாற்றி சொன்ன 2006 சோதனையிலும் இதே கதைதான். ஒருவரைப் பிடிக்க வீசும் வலையில் பக்கத்து வீட்டுக்காரரும் சிக்குகிறார். ஸ்டாக்ஹோமில் பெயர் தெரிந்த நான்கு பேர் கூண்டில் நின்றார்கள். இங்கே எதிரியின் இடத்தில் பெயரே இல்லை. யாருடையது என்ற கேள்வியை நம் வழக்கு கேட்கவே இல்லை, கதவை மட்டும் சாத்தியது.

#8 படத்தொகுப்பறை

அந்த ஆணையின்போது விமியோவில் இருந்த எங்கள் குறும்படமும் சில நாள்கள் திறக்கவில்லை. ஒரே ஆண்டில் இரு பக்கமும் அடி வாங்கிய மத்தளம் நான். கீற்று சொல்வதை மறுக்கவில்லை. சம்பளம் மட்டும் இன்னும் வரவில்லை.

#9 வழக்காடி

நீதிபதியைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. முதல் தீர்ப்பை எழுதிய தோமஸ் நூர்ஸ்ட்ரோம், ஸ்வீடன் பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதைத் தீர்ப்புக்குச் சில நாள்கள் கழித்து ஸ்வீடன் வானொலி வெளிப்படுத்தியது. பதிப்புரிமை நிறுவனங்களின் வழக்கறிஞர்களும் அங்கே உறுப்பினர்கள். ஒருசார்பு என்று சொல்ல இது போதாது என்று மேல்நீதிமன்றம் தள்ளிவிட்டது. சட்டக் காரணங்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த உறுப்பினர் நிலையை விசாரணையின் முதல் நாளே அவர் சொல்லியிருந்தால், மக்கள் நீதிமன்றத்தைக் கேலிக்கூத்து என்று அழைத்திருக்க மாட்டார்கள். தீர்ப்பைத் தொடர்ந்து பதிப்புரிமைச் சட்டத்தைத் தளர்த்தக் கோரிய ஸ்வீடனின் பைரேட் கட்சியில் உறுப்பினர்கள் வெள்ளமாகச் சேர்ந்தார்கள். ஜூன் மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சி 7.1 சதவீத வாக்குகளைப் பெற்று உள்ளே போனது.

படம் முடிந்த பிறகு நடந்ததையும் தொகுத்துச் சொல்கிறேன். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. படம் வெளியான பதினோராம் நாள், 2013 பிப்ரவரி 19 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் நெய், சுண்டே இருவரின் மனுவை ஏற்கவில்லை. கருத்துச் சுதந்திரத்தில் குறுக்கீடு நடந்தது என்பதை ஒப்புக்கொண்டே, அந்தக் குறுக்கீடு நியாயமானது என்றது. ஸ்வார்ட்ஹோம் 2012 ஆகஸ்ட் இறுதியில் புனோம் பென் நகரில் கைதானார். விசாரணையில் லுண்ட்ஸ்ட்ரோமின் வழக்கறிஞர், கோப்பு ஏற்றுபவர் கம்போடியக் காட்டில் இருக்கும் 'கிங் காங்' என்ற பயனராகவும் இருக்கலாம், அவருக்கும் என் கட்சிக்காரருக்கும் என்ன தொடர்பு என்று வாதிட்டார். எதிரிகளில் ஒருவரே கம்போடியாவில் பிடிபடுவார் என்று அன்று எவர் நினைத்திருப்பார்? சுண்டே 2014 மே இறுதியில் தெற்கு ஸ்வீடனிலும், நெய் அதே ஆண்டு நவம்பரில் லாவோஸ்-தாய்லாந்து எல்லையிலும் கைதானார்கள். மூவரும் தண்டனையை அனுபவித்து வெளியே வந்துவிட்டார்கள். தளம் இன்னும் இருக்கிறது. அதை இப்போது யார் நடத்துகிறார்கள் என்று பொதுவெளியில் எவரும் சொல்வதில்லை.

#10 தாமரைக்குளம்

ஒரு செயல்முறைக் கேள்வி. இப்படத்துக்குத் தமிழில் துணைத்தலைப்பு எழுதி எங்கள் ஊர் நூலகத்தில் திரையிட விரும்புகிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

#11 நடுநிசி

எந்தப் பிரதியை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முழுப் படத்துக்குரிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், வணிக நோக்கமின்றிப் பகிரலாம், ஆனால் மாற்றங்கள் செய்யக்கூடாது என்கிறது. மொழிபெயர்ப்பை மாற்றமாகக் கருத இடமுண்டு. இன்னொரு பிரதியும் அதே நாளில் வெளியானது. அதை வெட்டலாம், ஒட்டலாம், அந்தப் பிரதிக்குரிய உரிமத்திலேயே திரும்பப் பகிரலாம். அது நான்கு நிமிடம் குறைவாக ஓடும். அந்த நான்கு நிமிடங்களில் இருப்பவை பிறருக்குப் பதிப்புரிமை உள்ள காட்சிகள். அவற்றை எவரும் எடுத்தாளலாம் என்று கொடுத்துவிட இயக்குநருக்கு உரிமை இல்லாததால் நீக்கிவிட்டார்.

எனவே குறைந்த பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 20 நிமிடங்களுக்கான துணைத்தலைப்பை நான் எழுதித் தருகிறேன்; நீதிமன்றக் காட்சிகளை வழக்காடி பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன். நேரப் பொருத்தம் பார்க்கத் தொகுப்பறைப் பழக்கம் உள்ள ஒருவர் தேவை.

#12 படத்தொகுப்பறை

வருகிறேன். இந்த முறை என் பெயரைக் கடைசியில் பெரிய எழுத்தில் போடுங்கள்.